இல்லமும் நலமும்: கடலில்லாத ஊரில் கடல் மீன்

"பிறந்தது கடற்கரை ஊர், வாழ வந்தது செங்கல்பட்டு. வாசலில் வருகிற மீனைப் பார்த்தால் வாங்கவும் மனசு வரவில்லை, விடவும் மனசு வரவில்லை. மடியிலே ஏழு மாசக் குழந்தை. பால் சுரக்கச் சுறாப் புட்டு சாப்பிடு என்கிறார் மாமியார். இந்த ஊரில் நல்ல கடல் மீன் எங்கே கிடைக்கும்? ஒரு நாள் வெளியே போய்ச் சாப்பிடுவதென்றால் எங்கே போகலாம்?"

இப்படி ஒரு சகோதரி எழுதிக் கேட்டிருக்கிறார். இது அவர் ஒருவருடைய கேள்வி மட்டுமல்ல. செங்கல்பட்டு, மதுராந்தகம், திருக்கழுக்குன்றம், இன்னும் உள்ளே தள்ளி காஞ்சிபுரம், வேலூர் என்று கடலைப் பார்க்காத ஊர்களில் குடும்பம் நடத்தும் எத்தனையோ பேருக்கு இந்தச் சந்தேகம் உண்டு. ஆகவே இந்த இதழில் கொஞ்சம் விரிவாகவே பேசுவோம்.

முதலில் ஒரு விஷயம். "கடல் எவ்வளவு தூரம்?" என்று கேட்பதைவிட, "மீன் கரை ஏறி எத்தனை மணி நேரம் ஆச்சு? அதிலே எத்தனை மணி நேரம் ஐஸிலே இருந்தது?" என்று கேட்பதுதான் புத்திசாலித்தனம். கடற்கரையிலேயே வெயிலில் நாலு மணி நேரம் கிடந்த மீனைவிட, நூறு கிலோமீட்டர் தாண்டி ஐஸ் குறையாமல் வந்த மீன் எவ்வளவோ மேல்.

உலகத்தைப் பார்த்தாலும் இது புரியும். ஸ்பெயின் நாட்டின் தலைநகரம் மாட்ரிட். கடலிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர் உள்ளே, நாட்டின் நட்ட நடுவில் இருக்கிறது. ஆனால் உலகத்தின் மிகப் பெரிய மீன் சந்தைகளில் ஒன்று அங்கேதான் இருக்கிறது. ஜப்பானில் கியோட்டோவும் கடல் இல்லாத ஊர்தான். அந்தக் காலத்தில் வாகாசா விரிகுடாவில் பிடித்த சபா மீனைக் கடற்கரையிலேயே உப்பில் போட்டு, மலைப் பாதையில் எழுபது கிலோமீட்டருக்கும் மேல் தோளில் சுமந்து கொண்டு போவார்களாம். ஊர் போய்ச் சேரும்போது உப்பு பதமாக ஊறியிருக்கும். அந்தப் பாதைக்கே "சபா பாதை" என்று பெயர் வந்துவிட்டது. சபா என்பது வேறொன்றுமில்லை, நம் கானாங்கெளுத்திக்குச் சொந்தக்கார மீன்தான். நம் கருவாட்டுக் கூடையும் இதே யுக்தியில் பிறந்ததுதானே!

அவர்களோடு ஒப்பிட்டால் செங்கல்பட்டு கொடுத்து வைத்த ஊர். திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். அந்தக் கரையில் கோவளம், நெம்மேலி, தேவனேரி, கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் என்று வரிசையாக மீனவர் ஊர்கள் இருக்கின்றன.

எந்தப் படகு மீன்?

கடல் மீன் என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். ஆனால் அது வரும் வழி இரண்டு.

ஒன்று, காசிமேடு போன்ற துறைமுகங்களில் இருந்து போகும் விசைப்படகு. பெரிய படகுகள் பல நாள் கடலிலேயே தங்கி, பிடித்த மீனை அடியில் ஐஸில் போட்டு வைத்துக் கொண்டு திரும்பும். ஐஸ் சரியாக இருந்தால் அந்த மீனில் குற்றம் இல்லை. ஆனால் முதல் நாள் பிடித்ததும் கடைசி நாள் பிடித்ததும் ஒரே குவியலில் வரக்கூடும்.

இரண்டாவது, மாமல்லபுரம் மாதிரிக் கரைகளில் மணலில் இருந்தே தள்ளிக்கொண்டு போகும் சின்ன ஃபைபர் படகு. விடியுமுன் போகும், காலையிலே திரும்பும். மீன் சில மணி நேரம் முன்புதான் வலையில் விழுந்தது. பெரும்பாலும் நெத்திலி, காரப்பொடி, கிழங்கான், கவளை என்கிற மத்தி, கானாங்கெளுத்தி, மடவை, சங்கரா, இறால், நண்டு, கடம்பா — இப்படிக் கரையோரத்து மீன்கள்தான். வஞ்சிரம், வவ்வால் கிடைத்தால் அது அன்றைய அதிர்ஷ்டம்.

ஆகவே, விற்க வரும் அம்மாவிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல. "அக்கா, எந்தக் கரை மீனு? எப்ப ஏறிச்சு?" என்று கேளுங்கள். வாடிக்கையாக ஒருவரிடமே வாங்கினால், "இன்னிக்கு வேணாம் கண்ணு, நேத்து மீனு, நாளைக்கு வர்றேன்" என்று அவரே சொல்லிவிடுவார். அந்த ஒரு வார்த்தைக்காகவே கிலோவுக்குப் பத்து ரூபாய் கூடக் கொடுக்கலாம். பேரம் பேசிப் பேசி ஆளை மாற்றிக்கொண்டே இருப்பவருக்கு அந்த வார்த்தை கிடைக்காது.

காலண்டரையும் பாருங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். முன்பு 45 நாளாக இருந்தது, 2017 முதல் 61 நாள். மீன்கள் இனம் பெருகுவதற்காக இந்த ஏற்பாடு. இது விசைப்படகுகளுக்குத்தான்; சின்னப் படகுகள் கரையோரத்தில் தொழில் செய்யலாம். அந்த இரண்டு மாதம் "ஃப்ரெஷ் வஞ்சிரம்" என்று பெரிய துண்டமாக யாராவது நீட்டினால், எங்கிருந்து வந்தது என்று இரண்டு முறை கேளுங்கள். குளிரூட்டிக் கிடங்கில் இருந்ததாகவோ, மேற்குக் கடற்கரையில் இருந்து லாரியில் வந்ததாகவோ இருக்கலாம். அதேபோல ஐப்பசி, கார்த்திகை மழையில் புயல் எச்சரிக்கை கொடுத்தால் எந்தப் படகும் போகாது. அந்த நாட்களில் கடல் மீன் ஆசையை ஒத்தி வைத்துவிட வேண்டியதுதான்.

ஒத்தி வைத்தால் குழம்புக்கு என்ன? ஏரி மீன் இருக்கிறதே! ரயிலில் வரும்போது செங்கல்பட்டை ஒட்டிக் கொளவாய் ஏரி விரிந்து கிடப்பதைப் பார்க்காதவர் யார்? அதுபோல இந்த மாவட்டம் முழுக்க ஏரிகள்தான். கெண்டை, கட்லா, விரால், கெளுத்தி எல்லாம் உயிரோடு துள்ளும் மீனாகவே சந்தைக்கு வருவதுண்டு. கடற்கரையில் பிறந்தவர்களுக்கு "சேத்து வாடை" என்று ஒரு குறை இருக்கும். கல்லுப்பு போட்டு உரசிக் கழுவி, புளித்தண்ணீரில் பத்து நிமிஷம் வைத்தால் அந்த வாடை நன்றாகக் குறைந்துவிடும். பழைய கடல் மீனைவிடப் புதிய ஏரி மீன் நூறு மடங்கு உயர்ந்தது.

கண்ணும் மூக்கும் கையும்

நல்ல மீனுக்கு அடையாளம் எல்லோருக்கும் கொஞ்சம் தெரிந்ததுதான். இருந்தாலும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

கண் துருத்திக் கொண்டு தெளிவாக இருக்க வேண்டும். உள்ளே குழிந்து வெளுத்திருந்தால் பழசு. செவுளைத் தூக்கிப் பார்த்தால் செக்கச் சிவந்திருக்க வேண்டும்; காப்பிக் கலர் ஆகாது. விரலால் அழுத்தினால் பள்ளம் உடனே மேலெழும்ப வேண்டும். வாசனை கடல் காற்று மாதிரி இருக்க வேண்டும்; மூக்கைச் சுளிக்க வைக்கும் நெடி கூடாது. இறாலில் தலை கருத்து, தொட்டாலே கழன்று வந்தால் வேண்டாம். நண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள், கனமாக இருந்தால் சதை இருக்கிறது. வெட்டிய துண்டமாக வாங்குவதைவிட முழு மீனைப் பார்த்து, கண்ணெதிரே வெட்டச் சொல்லி வாங்குவதே உத்தமம்.

2018-ல் கேரளத்தில் "சாகர் ராணி" என்ற பெயரில் சோதனை நடத்தி, ஃபார்மலின் கலந்த மீனைப் பிடித்தார்கள். பிணங்கள் கெடாமல் இருக்கப் போடும் மருந்து அது! அந்தச் செய்திக்குப் பிறகு பலர் மீனையே விட்டுவிட்டார்கள். அப்படிப் பயந்து ஓட வேண்டாம். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், காகிதத் துண்டு கொண்டு சில நிமிஷங்களில் இதைக் கண்டுபிடிக்கும் சோதனை முறையையே உருவாக்கியிருக்கிறது. நமக்கு எளிய வழி, பக்கத்துக் கரையில் அன்றன்று ஏறும் சின்ன மீனை வாங்குவது. சில மணி நேரத்தில் விற்றுத் தீரும் மீனுக்கு மருந்து போட வேண்டிய அவசியமே இல்லை அல்லவா?

கொதித்தால் போகாத விஷம்

"புளியும் மிளகாயும் போட்டுக் கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இது தவறு. கானாங்கெளுத்தி, மத்தி, சூரை போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் வெப்பத்தில் கிடந்தால், கிருமிகள் பெருகி ஹிஸ்டமின் என்ற பொருள் சதையில் சேர்ந்துவிடுகிறது. கிருமியைக் கொதி கொல்லும். ஹிஸ்டமினை ஒன்றும் செய்யாது. பொரித்தாலும் போகாது, பிறகு ஃப்ரிஜ்ஜில் வைத்தாலும் போகாது.

அப்படிப்பட்ட மீனைச் சாப்பிட்டால் சில நிமிஷங்களிலோ ஓரிரு மணி நேரத்திலோ முகம் சிவக்கும், உடம்பு அரிக்கும், தலை வலிக்கும், வயிற்றுப் போக்கும் வரலாம். நாக்கில் மிளகு கடித்தது போல ஓர் எரிச்சல் தெரிவதும் உண்டு. "மீன் ஒத்துக்கவில்லை" என்று சொல்லி விட்டுவிடுவார்கள். உண்மையில் மீன் மேல் தப்பில்லை, அது வெயிலில் கிடந்ததுதான் தப்பு. மூச்சுத் திணறல், உதடு வீக்கம் இருந்தால் கை வைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஆகவே கணக்கு இதுதான். மீன் ஐஸ் இல்லாமல் மொத்தமாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெயில் 32 டிகிரிக்கு மேல் போனால் ஒரு மணி நேரம்தான். நம் ஊரில் சித்திரை, வைகாசியில் எந்தக் கணக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. மாமல்லபுரத்தில் வாங்கிச் செங்கல்பட்டு வரும் பஸ்ஸில் அந்த ஒரு மணி நேரம் போய்விடும். மூடி போட்ட தூக்கிலோ தெர்மோகோல் பெட்டியிலோ மீனும் ஐஸும் சரிக்குச் சரியாகப் போட்டுக் கொண்டு வாருங்கள். கரையிலேயே குடலையும் செவுளையும் எடுக்கச் சொல்லிவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. வீட்டில் மஞ்சளும் உப்பும் தடவி வைப்பது ருசிக்கும் வாடைக்கும்தான். ஐஸ் செய்யும் வேலையை அது செய்யாது. ஃப்ரிஜ்ஜில் வைத்தாலும் மறுநாளே சமைத்துவிட வேண்டும்.

பால் கொடுக்கும் தாய்க்கு

இனி மாமியார் சொன்ன சுறாப் புட்டு. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுறா என்பது நம் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக வருவது. அன்பினால் சொல்வதை எடுத்தெறிந்து பேச வேண்டாம். ஆனால் இன்றைக்குத் தெரிந்த ஒரு விஷயத்தையும் அவரிடம் பதமாகச் சொல்லுங்கள்.

பெரிய மீன் சின்ன மீனைத் தின்று வளர்கிறது. கடலில் கலந்திருக்கும் பாதரசம் இப்படிப் படிப்படியாகப் பெரிய மீனின் சதையில் சேருகிறது. அதிக நாள் வாழ்கிற, மற்ற மீன்களைத் தின்கிற பெரிய சுறாவில் இது அதிகம். வளரும் குழந்தையின் மூளைக்கும் நரம்புக்கும் பாதரசம் ஆகாது. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் தவிர்க்க வேண்டிய மீன்கள் என்று அமெரிக்க அரசு வெளியிட்டிருக்கும் பட்டியலில் சுறா இருக்கிறது. வஞ்சிரத்துக்கு உறவான ஒரு பெரிய மீனும் இருக்கிறது. அந்தப் பட்டியலே மீனை விடச் சொல்லவில்லை. பாதரசம் குறைந்த மீனை வாரத்தில் இரண்டு மூன்று வேளை, வேளைக்கு நூறு கிராமுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிடுங்கள் என்றுதான் சொல்கிறது.

அப்படியானால் எது நல்லது? விலை குறைந்த சின்ன மீன்கள்தான்! மத்தியிலும் நெத்திலியிலும் குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு வேண்டிய ஒமேகா-3 கொழுப்பு தாராளமாக இருக்கிறது. நெத்திலியை முள்ளோடு சாப்பிடுவதால் தாய்க்குச் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கிறது. வஞ்சிரத் துண்டு வாங்கும் காசில் வீடு முழுக்க நெத்திலிக் குழம்பு சாப்பிடலாம்.

பால் சுரப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. குழந்தை எவ்வளவு அடிக்கடி குடிக்கிறதோ அவ்வளவு பால் ஊறும். தாய்க்கு வயிறார உணவும், தண்ணீரும், தூக்கமும் வேண்டும். புட்டில் சேரும் பூண்டும் மிளகும் ருசியாக இருக்கும், தெம்பாகவும் இருக்கும். அதற்குச் சுறாதான் வேண்டும் என்பதில்லை. சின்னப் பாறை மீனில் அதே புட்டைச் செய்து மாமியாருக்கும் பரிமாறுங்கள்.

அரைக் கிலோ மீனை மஞ்சளும் உப்பும் போட்டுப் பத்து நிமிஷம் ஆவியில் வேகவைத்து, ஆறியதும் தோலும் முள்ளும் நீக்கி உதிர்த்துக்கொள்ள வேண்டும். நல்லெண்ணெயில் கடுகு தாளித்து, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் இரண்டு கைப்பிடி, பூண்டு பதினைந்து பல், பச்சை மிளகாய் இரண்டு, கறிவேப்பிலை போட்டு நன்றாக வதக்குங்கள். உதிர்த்த மீனைக் கொட்டி, மிளகும் சீரகமும் பொடித்து ஒரு ஸ்பூன் தூவி, சிறு தீயில் பொலபொலவென்று வரும்வரை கிளறி இறக்குங்கள்.

ஏழு மாசக் குழந்தைக்கும் மீன் கொடுக்கலாமா? ஆறு மாதம் முடிந்தபின் கொடுக்கலாம். அதற்கு மட்டும் ஒரு சின்னத் துண்டை உப்பு, காரம் இல்லாமல் தனியாக வேகவைத்து, இரண்டு விரலால் தடவித் தடவி முள் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, குழைந்த சாதத்தில் பிசைந்து ஒரு ஸ்பூன் கொடுத்துப் பாருங்கள். முதல் தடவை பகல் வேளையில் கொடுங்கள். தடிப்பு, வாந்தி எதுவும் இல்லையென்றால் மெல்ல மெல்லக் கூட்டலாம். ஒரு வயதுக்கு மேல் மூன்று வயது வரை வேளைக்கு முப்பது கிராம், வாரத்தில் இரண்டு வேளை போதும். இறாலும் நண்டும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அதையும் இதே போல் சிறிதளவில் தொடங்கிப் பாருங்கள். கருவாட்டில் உப்பு அதிகம். குழந்தைக்கும் இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கும் வேண்டாம்.

வெளியே சாப்பிடுவதென்றால்

கடைசியாக அந்தச் சகோதரி கேட்டது. மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலுக்குப் பக்கத்தில் ஒத்தவாடைத் தெருவில் மீன் சாப்பாட்டுக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. வெளிநாட்டுக்காரர்கள் அதிகம் வரும் இடம். பல கடைகளில் அன்றைய மீனைத் தட்டில் வைத்துக் கொண்டு வந்து காட்டுவார்கள். நமக்கு அது நல்ல வசதி. மேலே சொன்ன பரீட்சையெல்லாம் அங்கேயே செய்துவிடலாம். கூச்சப்படாமல் செவுளைத் தூக்கிப் பாருங்கள். எடை போட்டு, சமைக்கும் கூலியும் சேர்த்து மொத்த விலை எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்; பில் வந்தபிறகு முகம் மாற வேண்டாம். "இன்னிக்குக் கரையிலே என்ன ஏறிச்சு?" என்று கேட்டு, அதையே சமைக்கச் சொல்லுங்கள். மெனு கார்டில் அச்சடித்த மீன் எல்லா நாளும் கடலில் கிடைக்காது.

கொடுவா இருக்கிறது என்றால், அது வளர்ப்பு மீனாக இருக்கலாம். அதில் குறைவு ஒன்றும் இல்லை. பக்கத்தில் முட்டுக்காட்டில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் நிலையத்தில்தான், 1997-ல் நம் நாட்டிலேயே முதல் தடவையாகக் கொடுவாவைத் தொட்டியில் குஞ்சு பொரிக்க வைத்தார்கள்.

வறுவல் கண்ணைப் பறிக்கும் சிவப்பாக இருந்தால் அது மிளகாயின் சிவப்பா, கலர்ப் பொடியின் சிவப்பா என்று யோசியுங்கள். குழந்தை கூட வந்தால் மசாலா இல்லாமல் ஒரு துண்டு தோசைக் கல்லில் வாட்டிக் கொடுக்கச் சொல்லலாம். கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. மதியத்துக்குப் போவதே நல்லது. காலை மீன் மதியத்துக்குள் அடுப்பேறிவிடும்.

இத்தனை தூரம் போக முடியாத வாரங்களில் கவலை வேண்டாம். எந்தக் கரை, எத்தனை மணி, ஐஸ் உண்டா என்ற மூன்று கேள்விகளை மறக்காமல் கேட்டு, கிடைக்கிற சின்ன மீனை வாங்குங்கள். அதுவும் இல்லையா, ஏரிக் கெண்டையை வாங்கி மாங்காய் போட்டுக் குழம்பு வையுங்கள். கடல் பக்கத்தில் இல்லையே என்று குழந்தைக்கு மீன் கொடுக்காமல் இருந்துவிடாதீர்கள்.